கண் சிவந்தால் கண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

 

பெரம்பலூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இரத்தப் புற்றுநோய் கண்டு, நீண்ட சிகிச்சைக்குப் பின் குணமாகி, மருந்துகள் அனைத்தும் நிறுத்தப்பட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. பள்ளிக்கூடம் செல்கிறான்; மாலையில் மக்தபுக்கு ஓதவும் வருகிறான். அத்தாய் எழுதுகிறார்: "ஹஜ்ரத், பத்து நாளாக அவனுக்கு இடக்கண் சிவந்திருக்கிறது. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்கிறான். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டோம். இரண்டு நாள் தெளிந்தது, மறுபடியும் சிவந்துவிட்டது. லாரி போகிற ரோட்டில் சிமெண்டுத் தூசி பட்டிருக்கும் என்கிறார் அவன் அத்தா. கண் திருஷ்டி என்கிறார் என் மாமியார். பழைய நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. இதழில் பதில் எழுதுங்கள்."

மாத இதழில் பதில் வரும்வரை காத்திருக்கத்தக்க கேள்வி அன்று இது. கடிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்கு அன்று மாலையே பேசினோம். மறுநாள் விடியற்காலையில் அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். பரிசோதனையில் என்ன தெரிந்தது என்பது அக்குடும்பத்தாரின் சொந்த விஷயம். அதனை இங்கே எழுதுவதற்கில்லை. கேள்வியை மட்டும் அச்சகோதரியின் இசைவோடு வெளியிடுகிறோம். ஏனெனில், இதே கேள்வியை மனத்துள் வைத்துக்கொண்டு எவரிடமும் கேளாதிருக்கும் தாய்மார்கள் வேறு பலரும் இருக்கக்கூடும்.

அடியேன் மருத்துவம் பயின்றவன் அல்லன். மருத்துவ நூல்களிலிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் அறிந்துகொண்டதை நம் வீட்டுப் பேச்சில் எடுத்துரைப்பதே இங்கு என் வேலை.

முதலில் நேரான பதில்: ஆம், சம்பந்தம் இருக்கக்கூடும். பெரும்பாலான சமயங்களில் கண் சிவப்பு வெறும் கண் சிவப்புதான். 'மெட்ராஸ் ஐ' என்று நாம் சொல்லும் தொற்றாக இருக்கலாம், தூசியாக இருக்கலாம், ஒவ்வாமையாக இருக்கலாம். ஆனால் இரத்தப் புற்று வந்து போன ஒருவருக்குக் கண்ணில் புதிதாக ஏதேனும் தோன்றினால், அந்நோய் திரும்பவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே அதனைச் சாதாரணம் என்று சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு நாம் பின்பற்றும் வரிசை இங்கே தலைகீழாகிறது.

இது ஏன்?

இரத்தப் புற்று என்பது எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் பிறக்கும் நோய். அங்கே உருவாகும் வெள்ளணுக்கள் முதிர்ச்சி அடையாமலேயே கட்டுக்கடங்காது பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. 1845-இல் இந்நோயை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ, பின்னர் இதற்கு 'வெள்ளை இரத்தம்' என்று பொருள்படும் லுக்கேமியா என்னும் பெயரைச் சூட்டினார். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதன் ஒரு வகையே. அதனைக் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்று என்பர். மருத்துவமனைச் சீட்டுகளில் 'ஏ.எல்.எல்.' என்று மூன்றெழுத்தில் எழுதியிருக்கும்.

நூறாண்டுக் காலம் இந்நோய்க்கு மருந்து என்று ஒன்றும் இல்லை. கதவைத் திறந்த பெருமையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1923-இல் அமெரிக்கா சென்ற அவர், லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தம் குழுவினரோடு அமினோப்டெரின் என்னும் மருந்தையும், அதன் பின் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தையும் உருவாக்கினார். பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூன் மாதம் அச்செய்தி வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார். மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்க்குரிய முதன்மையான மருந்துகளில் ஒன்று. கடைக்குப் போய் அச்சீட்டை நீட்டுகின்ற நம் ஊர்த் தகப்பன்மார்களில் எத்தனை பேருக்கு அதன் பின்னால் ஒரு சென்னை மாணவர் இருக்கிறார் என்று தெரியும்?

இன்னொரு மருந்தும் நமக்கு மிக நெருக்கமானது. வீட்டு வாசலிலும் கபர்ஸ்தான் மண்ணிலும் யாரும் நீரூற்றாமலே பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்று சிலர் முகம் சுளிப்பார்களே, அச்செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் பிரித்தெடுக்கப்படுகிறது. 1960-களில் புழக்கத்துக்கு வந்த இம்மருந்து, ஏ.எல்.எல். கண்ட பிள்ளைகளுக்கான முதற்கட்டச் சிகிச்சையில் தவறாது இடம்பெறுவது. மருந்து உண்டு என்பதற்காக அந்த இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு!

மருந்துகள் பெருகப் பெருக ஒரு விந்தையான துயரம் வெளிப்பட்டது. பிள்ளையின் இரத்தம் சுத்தமாகிவிடும், மஜ்ஜையும் சுத்தமாகிவிடும், பெற்றோர் மகிழ்ந்திருப்பர். சில மாதங்கள் கழித்துத் தலைவலி, வாந்தி, மாறுகண் என்று வந்து நிற்பான். பார்த்தால் மூளையைச் சூழ்ந்த உறைகளில் நோய்! 1960-களில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இப்படி நேர்ந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. காரணம், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் சுவர், வேண்டாத பொருள்களை உள்ளே விடாத ஒரு காவல் அரண் போன்றது. நஞ்சு உள்ளே போகாதிருக்க இறைவன் அமைத்த அரண், மருந்தையும் உள்ளே விடுவதில்லை. எப்படியோ முன்னரே நுழைந்துவிட்ட சில புற்றணுக்கள் அந்த அரணுக்குப் பின்னால் பத்திரமாகப் பதுங்கிக்கொள்கின்றன.

இதற்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1962-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையின் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல். அம்மருத்துவமனையை நடத்தத் தெருத்தெருவாகப் பணம் திரட்டியவர்கள் லெபனான், சிரியா நாடுகளிலிருந்து குடியேறிய அரபு வம்சாவழியினர் என்பது நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்று. நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தொடக்கத்திலேயே தலைக்குக் கதிர்வீச்சும் முதுகுத்தண்டு வழியாக மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் குணமடையும் நிலை வந்தது. முதுகில் ஊசி போடுகிறார்களே என்று நம் தாய்மார்கள் கண்ணீர் விடுவதைக் கண்டிருக்கிறோம். அந்த ஊசி போகும் இடம், வேறு வழியாக மருந்து எளிதில் போய்ச் சேராத இடம் என்பதைச் சொல்லிவிட்டால் அழுகை சற்றுக் குறையும்.

இனி, கண்ணுக்கு வருவோம்.

தாயின் கருவில் குழந்தை உருவாகும்போது, விழித்திரையும் பார்வை நரம்பும் மூளையிலிருந்து முளைவிட்டு வெளியே வருபவை. பார்வை நரம்பைச் சுற்றி மூளைக்கு உள்ள அதே உறைகள் உண்டு. மூளையைச் சூழ்ந்த அதே நீர் அதனையும் சூழ்ந்து நிற்கிறது. விழித்திரையின் குழாய்களுக்கும் மூளைக்கு இருப்பது போன்ற காவல் அரண் உண்டு. ஆகவே மூளை எப்படிப் புற்றணுவுக்குப் பதுங்குமிடமோ, கண்ணும் அப்படியே ஒரு பதுங்குமிடம் ஆகிறது. ஆண் பிள்ளைகளுக்கு விரைகள் மூன்றாவது இடம். அங்கே வலியில்லாத வீக்கம் கண்டாலும் பிள்ளை வெட்கத்தால் சொல்லமாட்டான். அத்தாமார்கள் தாமே கேட்டறிவது நல்லது.

அதே சமயம் கண்ணுக்கு ஒரு சிறப்பும் இருக்கிறது. உடலை அறுக்காமல், இரத்தக் குழாய்களையும் ஒரு நரம்பின் முனையையும் நேரே பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றே. கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிறுவியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். அந்த ஒளியை வெளியிலிருந்து உள்ளே செலுத்தி விழித்திரையைக் காணும் கருவியை 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்தார். அது வந்த சில ஆண்டுகளிலேயே, இரத்தப் புற்று நோயாளிகளின் விழித்திரை வெளுத்திருப்பதையும் அதில் இரத்தக் கசிவுகள் இருப்பதையும் லீப்ரைக் என்ற கண் மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். மருந்து வருவதற்கு எண்பதாண்டுக்கும் முன்பே கண் இந்நோயைக் காட்டிக் கொடுத்திருக்கிறது!

நோய் கண்ணில் எப்படியெல்லாம் தோன்றும்? இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

விழியின் முன்பக்கத்தில், கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீர் நிறைந்த சிறு அறை ஒன்று உண்டு. புற்றணுக்கள் அங்கே வந்தால் கண் சிவக்கும், வெளிச்சம் பார்க்கக் கூசும், வலிக்கும். சில சமயம் கருவிழியின் அடிப்பாகத்தில் பிறைபோல வெண்மையாக ஒரு படிவு தெரியும். பார்ப்பவர் சீழ் என்று எண்ணுவர்; உண்மையில் அது புற்றணுக்களின் குவியலாக இருக்கலாம். ஒரு கண்ணின் கருவிழி நிறம் மற்றதைவிட வெளிறித் தோன்றுவதும் உண்டு. இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் இச்சிவப்பு ஓரளவு தணிந்துவிடும். ஏனெனில் இப்புற்றணுக்கள் ஸ்டீராய்டுக்கு அடங்குபவை. மருந்தை நிறுத்தியதும் மீண்டும் சிவக்கும். 'இரண்டு நாள் தெளிந்தது, மறுபடியும் சிவந்துவிட்டது' என்று அச்சகோதரி எழுதிய அந்த ஒரு வரிதான் நம்மை உடனே தொலைபேசியை எடுக்க வைத்தது. வெறும் அழற்சியும் இப்படித் தணிந்து திரும்பக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் எது எதுவென்று மருந்துக் கடைக்காரரால் பிரித்துச் சொல்ல இயலாது.

தலைக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் காலத்தில் கண்புரை வந்துவிடாமல் இருக்க விழியின் முன்பகுதியை மறைத்துவிடுவார்கள். அம்மறைப்பே அவ்விடத்தில் சில அணுக்கள் தப்பிக் கிடக்க இடமளிக்கிறதோ என்று ஆய்வாளர் சிலர் கருதினர். இப்பொழுது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலைக் கதிர்வீச்சையே தவிர்த்து முதுகு ஊசியும் வலிய மருந்துகளும் கொடுக்கின்றனர். எப்படியாயினும் விழியின் முன்பக்கத்தில் நோய் திரும்புவது அரிதே.

அதைவிட அவசரமானது பார்வை நரம்பில் அணுக்கள் புகுவது. இதில் கண் வெளிப்பார்வைக்குச் சிவக்காது, வலிக்காமலும் இருக்கலாம். பார்வை மட்டும் சில நாள்களில், ஏன் சில மணி நேரங்களில்கூட, மங்கிக்கொண்டே போகும். நரம்பு நசுங்கி அழிந்துவிட்டால் போன பார்வை திரும்புவது கடினம். ஆகவே இதனை மருத்துவர்கள் அவசர நிலையாகவே கருதி, உடனடியாக முதுகு ஊசி மருந்தும் கதிர்வீச்சும் தொடங்குகின்றனர். "ஞாயிறு கழியட்டும், திங்கள்கிழமை போவோம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

மூளை உறைகளில் நோய் திரும்பினால் கண்ணை அசைக்கும் நரம்புகள் சோர்ந்துபோகும். நேற்றுவரை நேராக இருந்த கண் மூக்குப் பக்கம் திரும்பி நிற்கும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இமை தாழ்ந்து தொங்கும். காலைத் தலைவலியும் வாந்தியும் உடன் வரலாம். இங்கே ஓதிக் கொடுக்கும் நம் போன்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. ரைஹாலில் முஸ்ஹஃபை வைத்து விரலால் வரி பிடித்து ஓதும் பிள்ளை, திடீரென்று வரி தாவுகிறான். தலையை ஒருபுறம் சாய்த்துப் பார்க்கிறான். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஓதுகிறான். ஒழுங்காக உட்கார் என்று அதட்டுவதற்கு முன், இவனுக்கு முன்பு என்ன நோய் இருந்தது என்று நினைவுகூர வேண்டும். இரட்டையாகத் தெரிகிறது என்று சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு கண்ணை மூடினால் எழுத்து ஒன்றாகிறது என்பதைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். பள்ளிக்கூட ஆசிரியரிடமும் மக்தப் உஸ்தாதிடமும் பெற்றோர் இந்நோயைப் பற்றி மறைக்காமல் சொல்லி வைத்தால்தான் இது நடக்கும். மகளாக இருந்தால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன சொல்வார்களோ என்று மூடி மறைக்கிறோம். இவ்விஷயத்தில் அம்மறைப்பு பிள்ளைக்குக் கேடாக முடியும்.

கடும் மைலாய்டு இரத்தப் புற்று என்ற வேறொரு வகையில், விழிக்குழியில் கட்டி தோன்றிக் கண் வெளியே பிதுங்குவது உண்டு. துருக்கி நாட்டு மருத்துவர்கள் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர், இந்தியாவிலும் காணப்படுகிறது. இரத்தத்தில் நோய் தெரிவதற்கு முன்பே கண் பிதுங்குவதும் இதில் நேரக்கூடும். கண்மணி பூனைக்கண் போல வெள்ளையாக மின்னுவது வேறு. அது சிறு குழந்தைகளுக்கு விழித்திரையிலேயே வரும் புற்றாக இருக்கலாம். அதற்கும் உடனே செல்ல வேண்டியதுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு, கண்ணில் வருவதெல்லாம் நோய் திரும்பியதன் அடையாளம் என்று நடுங்க வேண்டாம். சிகிச்சையே கண்ணில் பல தொல்லைகளை விட்டுச் செல்லும். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டவருக்குக் கண்புரை வரலாம்; கண் அழுத்தம் கூடலாம். வின்கிரிஸ்டின் இமையைத் தாழச் செய்யலாம். சைட்டராபின் மிகுந்த அளவில் கொடுக்கப்படும் நாள்களில் கண் சிவந்து எரியும். எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும்போது வைரஸும் பூஞ்சையும் விழித்திரையைத் தாக்கலாம்; தட்டணுக்கள் குறைந்தால் கண்ணுள் இரத்தம் கசியலாம். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்குக் கண் வறண்டு மணல் விழுந்தாற்போல் உறுத்தும். இவற்றில் எதற்கும் மருந்து உண்டு. ஆனால் ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குத் தீங்கு. பூஞ்சைத் தொற்றுள்ள கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் என்ன ஆகும்!

"இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தோம், எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். கண்ணில் மட்டும் நோய் திரும்பும்போது இரத்தமும் மஜ்ஜையும் தொடக்கத்தில் சுத்தமாகவே இருக்கக்கூடும். பதுங்குமிடம் என்பதன் பொருளே அதுதான். எனவே கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தல், எம்.ஆர்.ஐ. படம், முதுகுத்தண்டு நீரை எடுத்து அணுக்களைத் தேடுதல், தேவைப்பட்டால் கண்ணின் முன்னறை நீரில் ஒரு துளியை எடுத்துச் சோதித்தல் ஆகியவையே முடிவு சொல்லும். இப்பரிசோதனைகளுக்கு முன் வேறு எவரும் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்துவிட்டால் அணுக்கள் மறைந்து உண்மை தெரியாமல் போய்விடும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் உள்ள நமக்கு என்ன வழி? பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் அருகில் உள்ளன. முதற்பார்வைக்கு அங்கே செல்லலாம். திருச்சியிலோ தஞ்சையிலோ பெரிய அரசு மருத்துவமனைகள் உண்டு. திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையை அறியாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. ஆனால் எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "இப்பிள்ளைக்கு இரத்தப் புற்று வந்து சிகிச்சை பெற்றிருக்கிறான்" என்பதே. கண் சிவந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் கண் சிவப்புக்குரிய மருந்துதான் கிடைக்கும். கூடவே, முதலில் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அன்றே தகவல் கொடுத்துவிட வேண்டும். அது அடையாறோ, வேலூரோ, புதுவை ஜிப்மரோ எதுவாயினும், பிள்ளையின் பழைய விவரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அடையாறு புற்றுநோய் நிலையத்தைப் பற்றி ஒரு சொல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் குடிசைகளில் தொடங்கிய நிலையம் அது. 1980-களின் நடுவில், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ், அடையாறு ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் துணையோடு, நம் நாட்டின் வசதிக்கு ஏற்ற ஒரே சிகிச்சை முறையை வகுத்துக்கொண்டன. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். அதுவரை ஐவரில் ஒரு பிள்ளை பிழைப்பதே அரிதாக இருந்த நிலை மாறி, பாதிப் பேர் அளவுக்கு நோயின்றி வாழ்ந்தனர். அங்கே பல்லாண்டு உழைத்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் மறையும்வரை அந்நிலையத்தின் வளாகத்திலேயே வாழ்ந்தார். இன்று வளம்மிக்க நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் வரை பிழைக்கின்றனர். நாம் இன்னும் அந்த அளவை எட்டவில்லை. சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நோய் திரும்பியே விட்டது என்றால்? அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. அப்படியன்று. மருந்து நிறுத்திப் பல மாதங்கள் கழித்து, மஜ்ஜையில் இல்லாமல் கண்ணிலோ மூளை உறையிலோ மட்டும் திரும்பிய நோயை, மஜ்ஜையில் விரைவில் திரும்பியதைவிட நன்றாகக் குணப்படுத்த முடிகிறது. கண்ணுக்குக் கதிர்வீச்சும், முதுகு ஊசி மருந்தும், உடல் முழுவதற்குமான மருந்தும் மீண்டும் கொடுப்பர். கண் ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் போதாது. அணுக்கள் வேறிடத்திலும் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். சிலருக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது 1986 முதலே நடைபெறுகிறது. உடன்பிறந்தவர் ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே எடுத்து, புற்றை வேட்டையாடும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் முறையும் வந்துவிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய அத்தகைய சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு.

நம் வீட்டு வழக்கங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, தேன் தடவுவது ஆகியவற்றை இப்பிள்ளைகளிடம் செய்யவே கூடாது. எதிர்ப்பாற்றல் குறைந்த கண்ணில் அவை கிருமிகளுக்கு விருந்து. சுர்மா இடுவது நம்மிடையே மதிப்புக்குரிய வழக்கம். ஆயினும் கடைகளில் விற்கும் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளின் பரிசோதனைகளில் தெரியவந்துள்ளது. நோயுற்ற பிள்ளைக்கு அது வேண்டாம். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. வண்டியில் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ஓதிக்கொண்டு போகலாமே!

நோன்பு பற்றியும் கேட்கின்றனர். ஏ.எல்.எல். பிள்ளைகளின் சிகிச்சையில் கடைசி ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே உண்ணும் மாத்திரைகள்தாம். மெர்காப்டோபியூரின் என்னும் மாத்திரை நாள் தவறாமல் உட்கொள்ளப்பட வேண்டியது. நூறு வேளையில் ஐந்துக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. பருவமடைந்தவராயினும் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தோழர்கள் நோற்கிறார்கள் என்று பிள்ளை ஆசைப்பட்டு, சஹர் நேரக் குழப்பத்தில் மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று: வாரம் ஒருமுறை பிள்ளையை ஒரே தூரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றக் கண்ணில் பார்வை போனதே தெரியாமல் பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். சென்ற வாரம் படித்த தேதியை இந்த வாரம் படிக்க முடியவில்லை என்றால் அன்றே கிளம்புங்கள். இது மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாது. இரண்டு வருகைகளுக்கு நடுவே வீட்டார் விழித்திருப்பதற்கான வழி மட்டுமே.

செலவுக்கு அஞ்சித் தயங்க வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவி உண்டு. அட்டை இல்லாதோர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தறியலாம். அரியலூர் நிலையத்தில் இரயில் ஏறிச் சென்னைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையில் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். பெரம்பலூர்க்காரர்களுக்கு இரயில் இல்லை. ஆனால் சென்னை நெடுஞ்சாலையில் இரவும் பகலும் பேருந்து இருக்கிறது. சிகிச்சைக் கோப்பை ஒரு துணிப்பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். கடைசியாக எடுத்த பரிசோதனைச் சீட்டு மேலே இருக்கட்டும். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைப் பையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், அப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட அம்மாவுக்கு எவர் அனுமதியும் தேவையில்லை என்பதை அவரே இன்று தொலைபேசியில் பேசும்போது சொல்லி வைத்துவிடலாம்.